சரியான விடை எது? யார் சொல்வது?

புது தில்லி: பொறியியல் படிப்புகளுக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வின் இறுதி விடைக்குறிப்பை, தேசியத் தேர்வு முகமை 2025 ஏப்ரல் 17-ஆம் தேதி மாலை தனது இணையதளத்தில் வெளியிட்டது. சில மணி நேரத்திலேயே அது அங்கிருந்து அகற்றப்பட்டது. மறுநாள் பிற்பகலில் வேறொரு இறுதி விடைக்குறிப்பு வந்தது. அதில் இரண்டு வினாக்கள் நீக்கப்பட்டிருந்தன. "இறுதி" என்ற சொல்லுக்குத் தலைநகரில் ஒரு நாள்தான் ஆயுள் போலும்.

ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் மாணவர்கள் எழுதும் தேர்வு இது. ஒரே மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் குவிந்து நிற்கும் இடத்தில், ஒரு வினாவுக்கான நான்கு மதிப்பெண் கூடினாலும் குறைந்தாலும் தரவரிசை பல ஆயிரம் இடங்கள் ஏறி இறங்கும். சூரத்கல்லிலோ திருச்சியிலோ உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் கிடைக்குமா, வேறு மாநிலத்தில் வேறு பாடப் பிரிவுதானா என்பதை அந்த நான்கு மதிப்பெண் தீர்மானிக்கக்கூடும். எனவே விடைக்குறிப்பு என்பது அலுவலக ஆவணம் மட்டுமல்ல. அது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எழுதுபவர் யார், எதன் அடிப்படையில் எழுதுகிறார், அதில் பிழை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்விகள் 40 ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களுக்குப் போய்வந்து கொண்டிருக்கின்றன.

1983-இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இவற்றுக்கெல்லாம் முன்னோடி. உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வில் சில வினாக்களுக்கு அதிகாரப்பூர்வ விடைகள் தவறு என மாணவர்கள் பாடநூல்களுடன் வந்து நின்றனர். விடைக்குறிப்பு சரியானது என்றே முதலில் கொள்ள வேண்டும், அது தவறு என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே தலையிடலாம் என்று கூறிய நீதிமன்றம், அவ்வாறு மெய்ப்பித்த மாணவர்களுக்கு நியாயம் வழங்கியது. அத்துடன் நிற்காமல், கொள்குறி வகைத் தேர்வில் மாணவர் சரியான விடையைக் குறியிட மட்டுமே முடியும், காரணம் சொல்லவோ வாதிடவோ இடமில்லை, ஆகவே இரு பொருள் தரும் வினாக்கள் இடம்பெறவே கூடாது என்றும் சுட்டிக்காட்டியது.

கட்டுரை வடிவில் விடை எழுதும் தேர்வில் மாணவர் தடுமாறினாலும், அவர் எந்தப் படி வரை சரியாகச் சென்றார் என்பதைத் திருத்துபவர் காண்கிறார். கேள்வி குழப்பமாக இருந்தால், "இவ்வாறு பொருள் கொண்டு விடையளிக்கிறேன்" என்று ஒரு வரி எழுதலாம். கொள்குறி வகையில் அந்த ஒரு வரிக்கு இடமில்லை. திருத்துபவரின் உழைப்பு மறைந்துவிடுவதில்லை. அது தேர்வுக்குப் பின் இருந்த இடத்திலிருந்து தேர்வுக்கு முன் உள்ள இடத்துக்கு மாறுகிறது. வினா தயாரிப்பில் காட்டப்படாத கவனத்துக்கான விலையை, தேர்வு முடிந்த பின் மாணவர்தான் செலுத்துகிறார்.

எழுத்திலிருந்து கட்டத்துக்கு

இந்தியப் பொறியியல் கல்வி இந்த முறைக்கு முழுமையாக மாறியது மிகப் பழைய கதையன்று. முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் தேர்வு 2003 முதல் முற்றிலும் கொள்குறி வகையானது. ஐ.ஐ.டி.களின் கூட்டு நுழைவுத் தேர்வில் 2005 வரை, முதல் கட்டச் சலிப்புக்கு மட்டுமே கட்டங்களைக் கருமையாக்கும் தாள். அதில் தேறியவர்கள் கணக்குகளைப் படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டும். 2006-இல் அந்த இரண்டாம் கட்டம் கைவிடப்பட்டு, ஒரே கொள்குறித் தேர்வாகச் சுருங்கியது. லட்சக்கணக்கான விடைத்தாள்களைப் பேராசிரியர்கள் கையால் திருத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதத்தை எளிதில் புறந்தள்ள முடியாது. ஆனால் அந்த முதல் ஆண்டிலேயே புதிய முறையின் அடித்தளம் ஆட்டங்கண்டது.

2006-இல் தேர்வை நடத்தியது கரக்பூர் ஐ.ஐ.டி. பொதுப் பிரிவினர்க்கான பாடவாரிக் குறைந்தபட்ச மதிப்பெண்கள் கணிதத்தில் 37, இயற்பியலில் 48, வேதியியலில் 55 என நிர்ணயிக்கப்பட்டிருந்தன. மொத்தத்தில் 154 பெற்றால் போதும். ஒரு பாடத்தில் வரம்பைத் தொடாத மாணவர், மொத்த மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் வெளியே நின்றார். இந்த 37, 48, 55 எங்கிருந்து வந்தன என்று அதே கரக்பூர் ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் பேராசிரியர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டார். அச்சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை. வெவ்வேறு கட்டங்களில் தரப்பட்ட விளக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றும், கூறப்பட்ட சூத்திரத்தைப் பயன்படுத்தினால் அந்த எண்கள் வரவில்லை என்றும் அவர் வாதிட்டார். விவகாரம் நீதிமன்றப் படியேறியது.

அடுத்த ஆண்டு முறை மாற்றப்பட்டது. ஒவ்வொரு பாடத்திலும் கீழ்மட்ட 20 சதவீதத்தினரை மட்டும் விலக்குவது என்று முடிவாயிற்று. விளைவு: 2007-இல் குறைந்தபட்ச மதிப்பெண் கணிதத்தில் 1, இயற்பியலில் 4, வேதியியலில் 3. ஓராண்டில் 37-லிருந்து ஒன்றுக்குச் சரிந்த இந்த எண், மாணவர்களின் கணித அறிவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. வரம்பு நிர்ணயிப்பவர்களின் சூத்திரத்தைப் பற்றித்தான் சொல்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வில் ஐந்தில் ஒரு பங்கினர் பூஜ்யத்தையொட்டியே நிற்பார்கள் என்பது எதிர்பார்க்கக் கூடியதுதான். விடைத்தாளின் நகலும் விடைக்குறிப்பும் மாணவர் கைக்கு வரும் நிலை பின்னாளில் ஏற்பட்டதில், இந்த வழக்குகளுக்கும், மதிப்பிடப்பட்ட விடைத்தாளைப் பார்வையிடும் உரிமை மாணவர்க்கு உண்டு என 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்கும் பெரும் பங்கு உண்டு.

தவறான விடைகளின் இலக்கணம்

நல்ல கொள்குறி வினாவில் கடினமான பகுதி, சரியான விடை அன்று. தவறான மூன்று விடைகள்தாம். எடுத்துக்காட்டாக, கட்டடப் பொறியியல் வகுப்பில் எவரும் அறிந்த கணக்கு: இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஓர் உத்திரத்தின் நடுவில் எடை வைக்கப்படுகிறது, உச்ச வளைவுத் திருப்புத்திறன் எவ்வளவு? எடையையும் நீளத்தையும் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு தாங்கியும் பாதிச் சுமையையே ஏற்கிறது என்பதை மறந்தவர் இரண்டால் வகுப்பார். சீராகப் பரவிய சுமைக்கான சூத்திரத்துடன் குழப்பிக் கொண்டவர் எட்டால் வகுப்பார். ஒரு முனை மட்டும் பிணைக்கப்பட்ட உத்திரமாக நினைத்தவர் வகுக்கவே மாட்டார். இந்த மூன்று பிழைகளையும் மூன்று கட்டங்களில் வைத்தால், குறியிடப்பட்ட கட்டமே மாணவருக்கு எங்கே சறுக்கியது என்று ஆசிரியருக்குச் சொல்லிவிடும். மாறாக, வாய்க்கு வந்த மூன்று எண்களை நிரப்பினால், விடையைக் கணக்கிடாமலே விலக்கித் தள்ளும் சாமர்த்தியத்தைத்தான் அந்த வினா சோதிக்கும். பயிற்சி மையங்கள் விற்பது பெரும்பாலும் இந்தச் சாமர்த்தியத்தையே.

தேர்வு முடிந்த பின் வினாவையே மதிப்பிடும் முறையும் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் மேல்மட்டத்தில் உள்ள 27 சதவீதத்தினரையும் கீழ்மட்டத்தில் உள்ள 27 சதவீதத்தினரையும் எடுத்துக்கொண்டு, ஒரு வினாவுக்கு யார் எவ்வளவு பேர் சரியாக விடையளித்தனர் என்று ஒப்பிடுவார்கள். இரு தரப்பிலும் சமமாக இருந்தால் அந்த வினா யாரையும் பிரித்துக் காட்டவில்லை என்று பொருள். கீழ்மட்டத்தினர் அதிகம் பேர் "சரி"யாகவும், மேல்மட்டத்தினர் கூட்டமாக வேறொரு கட்டத்திலும் நின்றால், பிழை பெரும்பாலும் மாணவரிடம் இல்லை. விடைக்குறிப்பிலோ வினாவிலோதான் இருக்கும். கல்வி அளவீட்டுத் துறையில் பல்லாண்டுகளாகப் பாடமாக உள்ள செய்தி இது. கணினி வழித் தேர்வில் இதற்குத் தேவையான தரவு அனைத்தும் அன்றைய மாலையே கையில் இருக்கிறது. அவ்வாறிருக்க, ஐயத்துக்குரிய வினாவைக் கண்டுபிடிக்கும் வேலையை, வினாவுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கும் 17 வயது மாணவரின் பொறுப்பாக விட்டிருப்பது வினோதமே. ஜே.இ.இ. மெயினில் அந்த 200 ரூபாய் திருப்பித் தரப்படுவதும் இல்லை.

மதிப்பெண் கழிப்பிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஜே.இ.இ. மெயினில் சரியான விடைக்கு 4. தவறுக்கு 1 கழிவு. நான்கு கட்டங்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறியிடுபவர் சராசரியாக நான்கில் ஒருமுறை 4 பெறுகிறார், மூன்று முறை ஒவ்வொன்று இழக்கிறார். நான்கு வினாக்களில் நிகர லாபம் 1. ஆக, குருட்டுத்தனமாக ஊகிப்பதைத் தடுக்க வைத்த கழிவு, உண்மையில் ஊகிப்பவருக்கே சிறிதளவு சாதகமானது. தேர்விலுள்ள 60 நான்கு-கட்ட வினாக்களையும் படிக்காமலே நிரப்புபவர் சராசரியாக 15 மதிப்பெண் எடுப்பார். அப்படி நிரப்புவோரில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் 35-க்குக் குறையாமல் எடுப்பார். கட்டங்களில் இரண்டை விலக்க முடிந்தவருக்கோ ஒவ்வொரு வினாவிலும் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். இந்த எளிய கணக்கைப் பயிற்சி மையம் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறது. கிராமத்துப் பள்ளியிலிருந்து வரும் மாணவரோ "தெரியாவிட்டால் தொடாதே" என்ற அறிவுரையை நம்பிக் கட்டத்தை வெறுமையாக விடுகிறார். கேட் தேர்வில் இந்தக் கோணல் இல்லை: ஒரு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிக்கப்படுவதால், ஊகத்தின் சராசரிப் பலன் பூஜ்யமே. 3-க்கு 1 கழிக்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வினாக்களுக்கும் இது பொருந்தும்.

அட்வான்ஸ்டு தேர்வில் இன்னொரு வகையும் உண்டு. நான்கில் ஒன்றோ, பலவோ, அனைத்துமோ சரியாக இருக்கலாம். சாத்தியமான சேர்க்கைகள் 15; ஊகிப்பவர் முழு மதிப்பெண் பெறும் வாய்ப்பு பதினைந்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் நான்கும் சரியாக இருக்க, மூன்றை மட்டும் குறியிட்டவருக்குப் பூஜ்யம் தருவது கொடுமை என்பதால் பகுதி மதிப்பெண் கொண்டுவரப்பட்டது. மூன்றைக் கண்டவருக்கு 3, இரண்டைக் கண்டவருக்கு 2, ஒன்றைக் கண்டவருக்கு 1. ஆனால் தவறான கட்டம் ஒன்றைச் சேர்த்தாலும் 2 கழிவு. படிப்படியாக எழுதிக் காட்டும் பழைய முறையின் நிழலைக் கட்டங்களுக்குள் கொண்டுவரும் முயற்சி இது. முழுமையானது அல்ல என்றாலும், நேர்மையான முயற்சி எனலாம்.

18 மதிப்பெண் நன்கொடை

2017-இல் அட்வான்ஸ்டு தேர்வை நடத்திய சென்னை ஐ.ஐ.டி., வினாக்களில் நேர்ந்த பிழைகளுக்காகத் தேர்வு எழுதிய அனைவருக்கும் 18 மதிப்பெண் வழங்கியது. வினாவை முயன்றவர், தொடாதவர் என்ற வேறுபாடு காட்டப்படவில்லை. முயன்றவர்களுக்கு மட்டுமே அது சேர வேண்டும் என்று சிலர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். ஜூலை 7-ஆம் தேதி கலந்தாய்வுக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூன்று நாள் மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்தன. ஜூலை 10-ஆம் தேதி தடை நீங்கியது. கழிவு மதிப்பெண் உள்ள தேர்வில், வினாவில் ஏதோ பிழை என்று உணர்ந்த மாணவர் அஞ்சி அதை விட்டிருக்கலாம் அல்லவா என்பது ஐ.ஐ.டி.யின் வாதம். அதை மறுப்பது எளிதல்ல. ஆயினும் பிழையான வினாவோடு ஐந்து நிமிடம் போராடிவிட்டு அடுத்த வினாவுக்கு நேரம் இழந்தவருக்கு எந்த நன்கொடையும் ஈடாகாது.

2024 நீட் தேர்வில் நிகழ்ந்தது இதைவிடப் பெரிது. அது மருத்துவத் தேர்வாயினும், அங்கு எழுந்த சிக்கல் பொறியியலுக்கும் பொதுவானது. அணுக்களின் நிலைத்தன்மை பற்றிய இயற்பியல் வினா ஒன்றுக்குப் புதிய என்.சி.இ.ஆர்.டி. நூலின்படி ஒரு விடை, பழைய பதிப்பின்படி வேறொரு விடை. முகமை இரண்டுக்கும் மதிப்பெண் அளித்தது. பழைய நூலைப் பின்பற்றிய விடையைக் குறியிட்டவர்கள் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். உச்ச நீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி. இயக்குநரிடம் மூவர் குழு அமைக்கச் சொன்னது. ஒரே நாளில் அறிக்கை வந்தது. நான்காவது கட்டமே சரி என்றது. முதலிடத்தில் இருந்த 67 பேர் திருத்தப்பட்ட பட்டியலில் 17 ஆயினர். மூன்று பேராசிரியர்கள் ஒரு நாளில் தீர்த்த ஐயத்தைத் தேர்வுக்கு முன் தீர்க்க ஆளில்லாமல் போனது எவ்வாறு என்ற கேள்விக்கு யாரும் பதில் கூறவில்லை.

பல நாள், பல வேளைகளில் நடக்கும் ஜே.இ.இ. மெயினில் சிக்கல் இன்னும் ஒரு மடிப்பு கூடுகிறது. ஒவ்வொரு வேளைக்கும் வேறு வினாத்தாள். ஆகவே மூல மதிப்பெண்ணை விடுத்து, அந்த வேளையில் எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினர் இவருக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றனர் என்பதை ஏழு தசம இடங்கள் வரை கணக்கிடுகிறார்கள். மாணவர்கள் வேளைகளுக்கு எழுந்தமானமாகப் பிரிக்கப்படுவதால் எல்லா வேளைகளின் திறனும் சமம் என்பது இதன் அடிப்படை அனுமானம். ஒட்டுமொத்தத்தில் இது நியாயமானதே. ஆனால் ஏழாம் தசமத்தில் தரவரிசை தீர்மானிக்கப்படும் உச்சியில், அனுமானத்தின் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும். ஒரு வேளையில் ஒரு வினா நீக்கப்பட்டு எல்லோருக்கும் 4 மதிப்பெண் தரப்பட்டால், அதைச் சரியாகச் செய்திருந்தவர் தன் முன்னிலையை இழக்கிறார். மற்ற வேளையினர் அந்த இழப்பைச் சந்திப்பதில்லை. 100 சதவீத மதிப்பு பெற்றவர்கள் 2024-இல் 56 பேர், 2025-இல் 24 பேர்.

தமிழகம் இந்தப் பாதையிலிருந்து விலகி நின்ற மாநிலம். 1984-இல் தொடங்கிய மாநிலப் பொறியியல் நுழைவுத் தேர்வை, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நீக்கி, பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் ஒற்றைச் சாளர முறையில் இடங்களை நிரப்பி வருகிறது. ஆனால் கொள்குறி முறை நுழைவாயிலில் மட்டுமில்லை, வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. கரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவத் தேர்வை இணையவழியில் ஒரு மணி நேரக் கொள்குறித் தேர்வாக நடத்தியது. அடுத்த பருவத்தில் இதே முறையில் நடந்த தேர்வின் முடிவுகள் சர்ச்சைக்குள்ளாகி, 2021-இல் மறுதேர்வு வைக்க நேர்ந்தது. ஒரே பாடத்தை நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கற்கும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளில் வாராந்திர ஒப்படைப்புகள் பெரும்பாலும் இவ்வகையே. அங்கு கண்காணிப்புடன் கூடிய நேரடித் தேர்வுக்கு 75 சதவீத எடை தந்திருப்பது, வீட்டிலிருந்து குறியிடும் கட்டங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். பொறியியல் தேர்வுகள் நினைவாற்றலையே பெரிதும் சோதிக்கின்றன என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கை குறைபட்டுக்கொண்டது. அந்தக் குறை எழுத்துத் தேர்வுக்கும் பொருந்தும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர் யார்?

1983 தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. ஆங்கில வினாக்களை ஹிந்தியில் பெயர்க்க ஹிந்தி அறிஞர் ஒருவரை நியமித்தால் போதாது. அவர் அறிவியல் கலைச்சொற்களின் பொருளையும் மொழிபெயர்ப்புக் கலையையும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்று அதில் நீதிபதிகள் அறிவுறுத்தினர். 35 ஆண்டுகளுக்குப் பின், 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையானது என்று மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், தமிழில் எழுதிய மாணவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை 10-இல் உத்தரவிட்டது. 720-க்கு 196 என்பது மற்ற மாணவர்களுக்கு அநீதி என்ற வாதத்தில் பொருள் இருந்தது. உச்ச நீதிமன்றம் பத்து நாளில் இடைக்காலத் தடை விதித்தது, நவம்பரில் உத்தரவை ரத்து செய்தது. ஆனால் பிழையான தமிழில் வினாவைப் படித்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற விதி, ஆங்கிலம் தெரியாததால் தமிழைத் தேர்ந்தெடுத்தவரிடம், ஆங்கிலத்தைப் படித்துப் பார் என்கிறது.

ஜே.இ.இ. மெயின் முன்பு சில ஆண்டுகள் ஆங்கிலம், ஹிந்தி, குஜராத்தி ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே நடந்தது. குஜராத்திக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று 2019-இல் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி குரல் எழுப்பினார். 2021 முதல் தமிழ் உள்பட 13 மொழிகளில் அத்தேர்வை எழுதலாம். அதில் தேறி, ஐ.ஐ.டி.களின் சுமார் 18 ஆயிரம் இடங்களுக்காக அட்வான்ஸ்டு தேர்வுக்குச் செல்லும் மாணவர், இரண்டாம் வாயிலில் தன் மொழியை விட்டுவிட வேண்டியிருக்கிறது. அங்கே வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே.